கடலை வலப்பக்கம் வைத்து நடந்தோம்

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி விஷயத்தைக் கடைசிவரை மூடிவைத்து, படிக்கிறவரைக் காக்கவைத்து, அப்புறம் கையை விரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் சொல்ல வந்தது வேறு. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் கடற்கரையில் நடந்தோம். அதற்கு அவர் ஒரு திட்டம் போட்டார். அந்தத் திட்டத்துக்குள் அவருக்குத் தெரியாமல் நான் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். இரண்டும் என்ன ஆயின என்பதுதான் விஷயம்.

எழுபதுகளின் பின்பாதி அது. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. மாமனார் இல்லை. அத்தையும், காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கொழுந்தன்மாரும், நாங்கள் இருவரும். அறை எங்களுக்குத்தான் என்று பேர். ஆனால் கொழுந்தன்மாரின் புத்தகங்களும் அத்தையின் டிரங்குப் பெட்டியும் அரிசி மூட்டையும் அதில்தான் இருந்தன, எந்த நேரமும் யாராவது எதையாவது எடுக்க வருவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில்தான் பேச வேண்டும். அதற்கும் அவர் கிணற்றடிக்கு வர ஒரு காரணம் வேண்டும்.

கல்யாணமான மறுவருஷம் அத்தை ஒரு வேண்டுதல் வைத்தார். பிள்ளை பிறக்கிறவரைக்கும் பௌர்ணமிதோறும் மகனும் மருமகளும் மலை சுற்றுவார்கள் என்று. வேண்டிக்கொண்டது அவர், நடந்தது நாங்கள். இப்போது மாதிரி அப்போது கூட்டம் கிடையாது. புளியமரங்களுக்கு நடுவில் ஆளில்லாத ரோடு. முன்னால் ஒரு பத்துப் பேர், பின்னால் ஒரு பத்துப் பேர் போவார்கள், அவ்வளவுதான்.

சுற்றுவதற்கு முறை உண்டு. காலில் செருப்பு கூடாது. மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். நாம் ரோட்டின் இடது ஓரமாகவே போக வேண்டும், ஏனென்றால் மலையை ஒட்டின பக்கம் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அவர்களை இடித்துவிடக் கூடாது. வழியில் பேசக் கூடாது. அப்புறம், நிறைமாதக் கர்ப்பிணி நடக்கிற மாதிரி மெல்ல நடக்க வேண்டும். இந்தக் கடைசி முறையை அத்தை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாசலில் நின்று ஞாபகப்படுத்துவார். "அவசரப்படாத, நெறமாசக்காரி மாதிரி நட." எனக்கு அந்த நடை எப்படித் தெரியும்? குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் சொன்னதில்லை, அது எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனாலும் தெருமுனை திரும்புகிறவரை என் முகம் சரியாக இருக்காது.

என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டடி முன்னால் போவார். திரும்பிப் பார்க்க மாட்டார். நிலா வெளிச்சத்தில் அவர் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பும்போது உதடு அசைவது தெரியும். மலையைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டே போவார். நானும் கேட்டுக்கொண்டுதான் போவேன், ஆனால் உதடு அசையாது. ஆரம்பத்தில் அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு பேராகக் கேட்கிறோம், கிடைக்காமலா போகும் என்று.

வருஷம் ஏற ஏற அந்த உதடு எனக்குப் பயமாகிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தையின் அக்கா ஒரு தடவை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையோடு வந்திருந்தார். கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக்கொண்டே, சமையல்கட்டில் இருக்கிற எனக்குக் கேட்கிற மாதிரி, "இன்னொரு பொண்ணு பாத்தா இன்னா தப்பு? ஊர் ஒலகத்துல இல்லாததா?" என்றார். அத்தை பதில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. பித்தானைப் போட்டு முடித்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான் எனக்கு. இந்த மனுஷர் மலையைப் பார்த்து மாதாமாதம் என்ன கேட்கிறார்? பிள்ளை வேண்டும் என்றா, பிள்ளை பெறுகிற ஒருத்தி வேண்டும் என்றா? வீட்டில் கேட்க இடமில்லை. மலை சுற்றும்போது பேசக் கூடாது.

மார்கழிப் பௌர்ணமிக்குப் பாதிச் சுற்றில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிவந்தார்.

"இன்னா, கால் வலிக்குதா? முள்ளு ஏறிச்சா?"

"காலுக்கு ஒண்ணும் இல்லங்க. நடக்குறதுக்குத் தெம்பு இருக்குது. கேக்குறதுக்குத்தான் தெம்பு இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமா இருக்குது."

அவர் பக்கத்தில் குந்தினார். அப்புறம், "ஒண்ணும் கேக்காம சும்மா நடந்து வாயேன்," என்றார்.

"இந்த மலைய பக்கத்துல வச்சிக்கிட்டு எப்பிடிங்க கேக்காம நடக்குறது? அதான் பாத்துக்கிட்டே இருக்குதே."

அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். இரண்டு நாள் கழித்து நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றடிக்கு வந்து, தண்ணீர் இறைக்கிற சாக்கில் சொன்னார். "மல தெரியாத எடமா பாத்து ஒரு நாள் நடக்கலாம். யோசிச்சிட்டேன். வேங்கிக்கால் பக்கம் போனாலும் தெரியுது. கீழ்பென்னாத்தூர்லயும் தெரியுது. செங்கம் ரோட்லயும் தெரியுது. கடலுக்குப் போனாத் தெரியாது."

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவர் ஒரு தடவை பரீட்சை எழுத மெட்ராஸ் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். அந்த லட்சணத்தில் கடற்கரையில் நடக்கத் திட்டம் போட ஆரம்பித்தார்.

அவருக்குத் தாலுகா ஆபீஸில் வரைபடம் வரைகிற வேலை. வயலுக்கும் ஓடைக்கும் கோடு போட்டுப் போட்டுக் கை பழகினவர். பக்கத்து மேஜைக்காரர் மரக்காணத்துப் பக்கத்து ஆள். அவரிடம் தினமும் டீ குடிக்கும்போது கேட்டுக் கேட்டு வந்து, பழைய டிரேசிங் பேப்பரின் ஓரத்தை வெட்டி ஒரு படம் போட்டார். ரோடு, பனந்தோப்பு, சவுக்குத் தோப்பு, மணல் மேடு, குப்பம், அப்புறம் நீலப் பென்சிலில் கடல். கடலுக்கு ஒரு ஓரம்தான் வரைந்திருந்தார். மற்ற மூன்று பக்கமும் எங்கே என்று கேட்டேன். "அது நம்ம தாலுகால வராது," என்றார்.

"ஈஸியான நடைதானாம். மல சுத்துற தூரத்துல பாதிகூடக் கெடையாது. கல்லு முள்ளு இல்ல, மேடு பள்ளம் கம்மி. மணல்தான், மெத்த மாதிரி இருக்கும்." இதை அவர் பல தடவை சொன்னார். காலை பஸ், அதற்கடுத்த பஸ், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும், வெயில் ஏறினால் எந்தத் தோப்பில் உட்காரலாம், சாயங்காலம் மரக்காணத்தில் எந்தப் பஸ்ஸைப் பிடித்தால் அத்தை கதவைத் தாழ்ப்பாள் போடுவதற்குள் வீட்டுக்கு வரலாம் என்று எல்லாமே தயார். இவ்வளவு யோசித்தவர் ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்து மேஜைக்காரர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மனிதர் சொன்னது: மரக்காணத்தில் இறங்கி, வடக்கேயிருந்து தெற்கே நடங்க, தை மாசத்து வாடைக் காத்து முதுகுல கைவச்சுத் தள்ளிக்கிட்டே வரும்.

அன்று சாயங்காலம் படத்தை என்னிடம் காட்டி, ஏதோ கணக்கில் பிழை கண்டுபிடித்த மாதிரி சொன்னார். "இப்பிடிப் போனா கடல் எடது கைப்பக்கம் வருது."

"அய்யோ, அது வேணாங்க," என்றேன் நான்.

இருவரும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவர் அழிரப்பரை எடுத்து அம்புக்குறியை அழித்துவிட்டு, தெற்கேயிருந்து வடக்கே போகிற மாதிரி மாற்றிப் போட்டார். கடல் வலப்பக்கம் வந்தது. எங்களுக்கு நிம்மதியாயிற்று. எதையும் கேட்கப் போவதில்லை என்று கிளம்புகிற நடைக்கு வலம் என்ன, இடம் என்ன? அன்றைக்கு அது தோன்றவே இல்லை.

எனக்கு என் திட்டம் இருந்தது. கடற்கரையில் பேசலாம். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மலையும் இல்லை, அத்தையும் இல்லை. நடந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். பதில் நான் பயந்த மாதிரியே இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் திட்டம் போடவில்லை.

அத்தையிடம் அனுமதி வாங்குவது பெரிய பாடு. கடலைப் பார்க்கப் போகிறோம் என்றால் அத்தைக்குப் புரிந்தது. கடலோரமாகச் சும்மா நடக்கப் போகிறோம் என்றால் புரியவில்லை. "பஸ்ஸு இருக்குதுல்ல, எதுக்குடா நடக்கணும்?" என்று மகனைக் கேட்டார். கடைசியில் என் வீட்டுக்காரர், கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லி வைத்தார். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கிளறி, மஞ்சளும் குங்குமமும் ஒரு பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தார். "கடலம்மா கைல குடுத்துட்டுக் கேட்டுட்டு வா. அவளும் தாய்தான்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்காமல் இருக்கலாம் என்று பார்த்தால் கையில் மனுவைக் கொடுத்து அனுப்புகிறாரே என்று இருந்தது. ஆனால் சாதம் கட்டிய இலையின் சூடு பைக்கு வெளியே தெரிந்தது. அந்தக் குளிரில் எழுந்து அதைச் செய்தவரிடம் என்ன கோபப்படுவது? வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நான் பின்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். செஞ்சி வரும்வரை விடாமல் தெரிந்தது. ஒரு வளைவில் மறையும், அப்பாடா என்று திரும்பினால் அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். செஞ்சிப் பாறைகளைத் தாண்டினதும் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு என்னவோ கதவைப் பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணத்தில் மறுபடி பாண்டி பஸ் பிடித்து, படத்தில் இருந்த பனந்தோப்புக்கு எதிரில் இறங்கினோம். பனந்தோப்பு, அப்புறம் சவுக்கு, அப்புறம் மணல் மேடு. எல்லாம் அவர் வரைந்த இடத்திலேயே இருந்தன. அதில் அவருக்குப் பெருமை. மேட்டில் ஏறும்போது ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கியது. அடும்புக் கொடி மணலெல்லாம் படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. மேட்டு உச்சிக்கு வந்ததும் கடல்.

நான் படத்தில் பார்த்த நீலக் கோடு இல்லை அது. மலை மாதிரி இல்லை. மலை பார்த்துக்கொண்டே இருக்கும். இது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, தன் பாட்டுக்கு ஏதோ வேலையில் இருந்தது. அதுவே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. கீழே இறங்கி ஓடி, அத்தை கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, "இந்தா, எங்க அத்தை குடுக்கச் சொன்னாங்க, பூசிக்கோ," என்று தண்ணீரில் தூவினேன். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த அலை மஞ்சளை என் கால்மேலேயே கொண்டுவந்து பூசிவிட்டுப் போனது.

இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். நடக்கத் தொடங்கினோம்.

ஈஸியான நடை. அதை நான் மறக்கவே மாட்டேன். கணுக்கால்வரை மணலில் புதைந்தது. இழுத்து எடுத்து வைத்தால் மறுகால் புதைந்தது. வாடைக் காற்று நேராக முகத்தில் அடித்து, வாய் திறந்தால் மணல். மலை சுற்றுவதில் கால்வாசி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், எனக்குத் தொடையெல்லாம் நடுங்கியது. அவர் வழக்கம்போல இரண்டடி முன்னால். கேட்க வேண்டும் என்று நினைத்த கேள்விக்கு மூச்சு மிச்சமில்லை.

"மெத்தன்னீங்களே," என்றேன்.

"மெத்தைதான். அதான் காலு உள்ள போகுது," என்றார் மூச்சிரைக்க.

பின்னாலிருந்து நான்கைந்து பெண்கள் தலையில் மீன் கூடையோடு வந்தார்கள். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஓரமாகவே வந்தார்கள். கையை வீசிக்கொண்டு, தார் ரோட்டில் போகிறவர்கள் மாதிரி வேகமாகப் போய் எங்களைத் தாண்டிவிட்டார்கள். அதில் வயதான ஒரு அம்மா மட்டும் நின்றார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, எதுக்கு இப்பிடி பொத மணல்ல கெடந்து இழுக்குறீங்க? ஈரத்துல நடங்க. கல்லு மாதிரி இருக்கும், காலு நோவாது."

அந்தம்மா சொன்ன பிறகுதான் பார்த்தேன். எங்களுக்கு வலப்பக்கம், தண்ணீரை ஒட்டி, கெட்டியான ஈர மணல் பாய் விரித்த மாதிரி நீளமாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கி ஒதுங்கி இடது ஓரத்தில் நடந்துகொண்டிருந்தோம். வேண்டுமென்று இல்லை. கால் தானாக ஒதுங்கியிருக்கிறது.

"அந்தப் பக்கம் யாராச்சும் போவாங்களோன்னு..." என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"யாரு?" என்று அந்தம்மா கரையை முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு காக்கைகூட இல்லை. "திருவண்ணாமலையா நீங்க?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாரோ, ஒருவேளை தீபத்துக்கு வந்திருப்பார். நாங்கள் தலையாட்டினோம். கூடை சாயாமல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். "வாங்க வாங்க, இங்க சித்தர் யாரும் வர மாட்டாங்க, மீனு நாத்தம் புடிக்காது அவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பிடிக்க ஓடினார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு நல்ல பாதையை விட்டுக்கொடுத்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் இழுத்திருக்கிறோம். கடலை வலப்பக்கம் வைப்பதற்காகக் காற்றையும் முகத்தில் வாங்கியிருக்கிறோம். அவருக்கு முதலில் ரோஷம் வந்தது, அப்புறம் அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த வீட்டில் எத்தனை முறை என்று யோசித்தால், ஞாபகத்துக்கு எதுவும் வரவில்லை.

ஈர மணலில் இறங்கினோம். அந்தம்மா சொன்னது சரிதான். கால் பதியக்கூட இல்லை. முதல் தடவையாக அவர் எனக்கு முன்னால் போகாமல், தண்ணீர்ப் பக்கமாக, எனக்குப் பக்கத்தில் நடந்தார். அலை வந்து அவர் வேட்டி நுனியை நனைத்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது. எதிரில் தெரிகிற ஒரு கட்டுமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"மல சுத்துறப்ப உங்க ஒதடு அசையுதே. இன்னாங்க கேப்பீங்க?"

அவர் நடையில் ஒரு தடுமாற்றம் வந்தது.

"சொன்னா திட்டக் கூடாது."

"திட்டுவேன். சொல்லுங்க."

குனிந்து நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தார். எனக்குக் காதில் அலைச் சத்தமே கேட்கவில்லை.

"மொத வருசம் கொழந்ததான் கேட்டேன். சத்தியமா. அப்புறம் ஒரு பௌர்ணமிக்கு மழ வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? நீ என் துண்டத் தலைல போட்டுக்கிட்டு, பேசக் கூடாதுங்கறதயே மறந்துட்டு, ஏதேதோ பேசிச் சிரிச்சிக்கிட்டே வந்த. ஊருக்குள்ள நொழையுற வரைக்கும். அன்னிக்குத்தான் தோணிச்சு. கொழந்த பொறந்துட்டா வேண்டுதல் முடிஞ்சிடும். அப்புறம் அம்மா உன்ன எதுக்கு என் கூட அனுப்பப் போறாங்க? மாசத்துல இந்த ஒரு நாளுதான் நீயும் நானும் வெளிய வரோம். அதனால..."

"அதனால?"

"இந்த மாசம் வேணாம், அடுத்த மாசம் குடுன்னு கேட்டேன்."

"அந்த ஒரு மாசம் மட்டுமா?"

"எல்லா மாசமும்."

நான் நின்றுவிட்டேன். கையிலிருந்த செருப்பை மணலில் ஓங்கி எறிந்தேன். அலை அதில் ஒன்றை இழுத்துக்கொண்டு போக, அவர் பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நான் ஒருத்தி மட்டுமா கேட்டுக்கொண்டிருந்தேன்? வெறுங்காலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி மெல்ல நடந்து நான் ஒரு பக்கம் கேட்க, முன்னால் போன மனுஷர் நான் கேட்டதை ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அங்கே கேட்க யாரும் இல்லை என்பதால் சத்தம் போட்டே திட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைச் சத்தம் போட்டுத் திட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு திரும்பி வேகமாக நடந்தேன். அவர் ஈரச் செருப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"பெரியம்மா அன்னிக்கு வந்து அந்தப் பேச்சு பேசினாங்கல்ல," என்றார் பின்னாலிருந்து. "வாயத் தொறந்து இல்லன்னு சொல்லணும்னு நெனச்சேன். தொறக்க முடியல. நான் வேணாம் வேணாம்னு சொன்னதாலதான் இல்லாமப் போச்சோன்னு இருந்துச்சு. தப்பு பூரா என் பக்கம் இருக்குறப்ப இன்னான்னு பேசறது? ஆபீஸ்ல படம் போடறப்பகூட அதே நெனப்பு. உனக்கு ஒரு கொழந்தைய இல்லாமப் பண்ணிட்டேனேன்னு."

குரல் ஒரு மாதிரி இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். முகமெல்லாம் ஈரம். கடல் தண்ணீர் இல்லை. என் மேல்தான் குறை என்று நினைக்கிறாரோ, வேறொருத்தியைக் கேட்கிறாரோ என்று நான் வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருக்க, எனக்கு இரண்டடி முன்னால் அவர் தன் மேல் குறையைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். இருவரும் பேசக் கூடாது என்ற முறையை அப்படிக் காப்பாற்றியிருக்கிறோம்.

எனக்குக் கோபம் இன்னும் இருந்தது. அதோடேயே சொன்னேன். "ஆமா, மலைக்கு வேற வேல இல்ல பாருங்க, உங்க பேச்சக் கேக்குறதுக்கு. புரமோஷன் கேட்டீங்கல்ல, குடுத்துச்சா?"

"இல்ல."

"சைக்கிள் தொலஞ்சப்ப கேட்டீங்கல்ல, கெடச்சுதா?"

"இல்ல."

"அப்ப இதயும் கேட்டிருக்காது. மூக்கத் தொடைங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொடைத்தார். நான் இதை எழுதும்போது பக்கத்தில் இருந்துகொண்டு, நான் அழவே இல்லை, காற்றில் கண்ணில் மணல் விழுந்தது என்கிறார். விழட்டும்.

அதற்குப் பிறகு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து அத்தையின் புளிசாதத்தைச் சாப்பிட்டோம். நிறையப் பேசினோம். பெரிதாக ஒன்றுமில்லை. அவர் சின்ன வயதில் நீச்சல் பழகப் போய் மூழ்க மட்டும் கற்றுக்கொண்டது, எனக்கு எங்கள் ஊரில் வைத்திருந்த பட்டப்பேர், ஆபீஸில் தலைமை எழுத்தர் தூங்குகிற அழகு. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இதெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பிள்ளை பற்றியும் பேசினோம். பிறக்காமலே போய்விட்டால் என்ன செய்வோம் என்று நான் கேட்டேன். "நடப்போம்," என்றார். எனக்கு அப்போது துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷமும் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கின்றன.

உப்பளங்களுக்கு நடுவில் நடந்து மரக்காணத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டோரத்தில் ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். அவர் திட்டத்தில் இருந்த பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அவர் அவசர அவசரமாக எழுந்து பையை எடுத்தார், கையை நீட்டி நிறுத்தினார். கண்டக்டர் படியில் நின்று, "திண்டிவனம், திண்டிவனம், ஏறு ஏறு," என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னா, வா," என்றார் அவர்.

"இந்த பஸ் வேணாங்க," என்றேன். "அடுத்த பஸ்ல போலாம்."

அவர் என்னைப் பார்த்தபடி ரோட்டிலேயே நின்றார். அத்தை, கதவு, தாழ்ப்பாள், எல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கண்டக்டர், "ஏறப் போறீங்களா இல்லியா சார்?" என்று அதட்டினார். அவர் இல்லை என்று கையை ஆட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் எங்களைத் திட்டிக்கொண்டே விசில் ஊதினார்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் கூப்பிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து, ரோட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல், உட்காரவைத்தார்.

"இதுவும் வேணாம்," என்றார்.